ஏழுமலையைக் கரையில் நிறுத்தி வைத்த கதை

“…கெட்டியா புடிச்சிக்க பங்காளி. உட்டன்னா நான் உள்ள பூடுவேன். அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது.”

ஏழுமலை இப்படிச் சொன்னபோது அவன் இடது கை என் பிடியில் இருந்தது. வலது கை டிரைவர் பாஸ்கரன் பிடியில். மூன்று பேர் உடம்பிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால், அடித்தரைக் கோடு வரைக்கும் தெரிகிற மாதிரி, நீலமாக ஒரு நீச்சல் குளம். அதில் எங்கள் நான்காவது ஆள் தரணேந்திர நயினார் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, வாரச்சந்தைக்குப் போகிறவர் மாதிரி நாலு பக்கமும் பார்த்தபடி நீந்திப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு திருடனை இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்து நிறுத்தியிருப்பது போலத்தான் எங்கள் கோலம் இருந்திருக்கும். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அம்மா ஏழுமலையைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டார். உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்க வேண்டும்.

“நோ ப்ராப்ளம் மேடம். டூ மச் ஹேப்பி” என்றேன்.

அந்த அம்மா இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

நாங்கள் அங்கே போன விதம்

அது வயதானவர்களுக்கான சர்வதேச விளையாட்டுப் போட்டி. ஓட்டம், வில்வித்தை, மேஜைப் பந்து, நீச்சல் என்று எல்லாம் ஒரே ஊரில். தேர்வு, கீர்வு எதுவும் கிடையாது. வயது இருந்தால் போதும். எங்களிடம் அதுதான் தாராளமாக இருந்தது.

ஊர் ஐரோப்பாவில். பெயரை எங்களில் டிரைவர் ஒருவர்தான் சரியாகச் சொல்வார். அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர் இல்லையா? “பலகையில இன்னா எழுதியிருக்குதோ அதைப் படிக்கணும் மோட்டாரு. நம்ம இஷ்டத்துக்கு ஊர் பேரை வைக்கக் கூடாது” என்பார்.

மோட்டாரு என்றால் நான். கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மயிலத்திலிருந்து வானூர் வரைக்கும் நான் இறங்காத கிணறு கிடையாது. உள்ளே இறங்கி மோட்டாரை அவிழ்த்து மேலே அனுப்பிவிட்டு, சும்மா ஏறி வர எனக்கு மனசு வராது. ஒரு நீச்சல் போட்டுவிட்டுத்தான் வருவேன். கூலியில் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

முட்டிவலிக்கு நீந்தச் சொன்னார் டாக்டர் என்று டிரைவர் விழுப்புரத்தில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தார். துணைக்கு என்னை இழுத்தார். நான் ஏழுமலையை இழுத்தேன். மயிலம் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற விவசாயி. சிரித்தால் பக்கத்துக் கொல்லைக்குக் கேட்கும். ஏழுமலை, அவனிடம் மல்லாட்டை வாங்குகிற வியாபாரி நயினாரை இழுத்தான். நயினார் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

அங்கே காலை வேளையில் சொல்லிக்கொடுக்கிற கோச் நிவேதா. எங்கள் நாலு பேரையும் முதல் நாள் பார்த்துவிட்டு அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது.

“சார், நீந்தும்போது பேசக் கூடாது.”

“பேசாம எப்படிம்மா நீந்தறது?” என்றான் ஏழுமலை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

கிணற்று மரியாதை

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் ஒரு வழக்கம் உண்டு.

நாலைந்து பேர் சேர்ந்து போனால் ஒவ்வொருவராகக் குதித்து, எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டு வந்து, படிக்கல்லைத் தொட வேண்டும். தொட்டவன் மேலே ஏறிவிடுவான், அடுத்தவன் குதிப்பான். கடைசி ஆள் வந்து கல்லைத் தொட்டதும், மேலே நிற்கிற அத்தனை பேரும் ஒன்றாக அவனைச் சுற்றிக் குதித்துவிட வேண்டும். அது அவனுக்குச் செய்கிற மரியாதை. ‘வந்துட்டியா, வா’ என்கிற மாதிரி.

குதிக்காமல் ஒருவன் கரையிலேயே நின்றால்? அவனுக்கும் தண்ணீரில் இருப்பவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஓர் அண்ணன் தம்பிக்குப் பாகப் பிரிவினையில் மனஸ்தாபம் வந்ததை ஊருக்கு முதலில் தெரிவித்தது கிணறுதான். தம்பி கல்லைத் தொட்டார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் பத்து வீட்டு அடுப்படியில் அதுதான் பேச்சு.

சமாதானமும் அங்கேதான் நடக்கும். ஒரு நாள் அந்த அண்ணன் குதித்தார். தம்பி தண்ணீருக்குள்ளேயே அழுததாகச் சொல்வார்கள். தண்ணீருக்குள் அழுதது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதற்கு, “மூக்கை உறிஞ்சற சத்தம் கெணத்துல எதிரொலிக்கும்யா” என்றார்கள்.

அந்த முதல் விசில்

நிவேதாதான் எங்களை ரிலேவில் இறக்கியது. “நாலு பேர். ஒருத்தர் தொட்டதும் அடுத்தவர் குதிக்கணும். ஃப்ரீஸ்டைல். எப்படி வேணாலும் நீந்தலாம்.”

“அட, இது நம்ம கெணத்து ஆட்டம்தானே!” என்றான் ஏழுமலை. எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் வெளி மாநிலத்தில் மூத்தவர்களுக்கான ஒரு போட்டி. நான் முதலில், அடுத்து டிரைவர், மூன்றாவது ஏழுமலை, கடைசியில் நயினார். நயினார் தலையை நனைக்காத தன் தலைநீச்சலிலேயே போய்த் திரும்பி இரண்டாவதாக வந்து சுவரைத் தொட்டார். எங்களால் நம்பவே முடியவில்லை. நானும் டிரைவரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போதே பக்கத்தில் காற்று அசைந்தது. தொபீர்!

ஏழுமலை உள்ளே. நயினாரைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

விசில்.

மற்ற அணிகள் முடிக்கிறவரைக்கும், நீந்தி ஏறியவர் எவரும் திரும்பத் தண்ணீரில் இறங்கக் கூடாதாம். இறங்கினால் அந்த அணியே அவுட். மூன்றாவது பாதையில் ஒரு மனிதர் இன்னும் நீந்திக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அவரைப் பார்க்கவே இல்லை.

நிவேதா நடுவரிடம் ஓடிப் பேசிப் பார்த்தது. நடக்கவில்லை. ஏழுமலை ஈரத்தோடு அவர் முன்னால் போய் நின்றான். “சார், கூட வந்தவரு உள்ள கெடக்கறாரு. நான் மேல நின்னுகினு வேடிக்கை பாக்கவா? எங்க ஊர்ல அது இன்னா அர்த்தம்னு தெரியுமா உங்களுக்கு?”

அந்த நடுவருக்குத் தமிழே தெரியாது. ஆனாலும் முழுசாகக் கேட்டுவிட்டு, ஏழுமலையின் தோளைத் தட்டினார். பதக்கம் மட்டும் கிடையாது.

டீக்கடை நீதி

திரும்பி வருவதற்குள் கதை கூட்டேரிப்பட்டுக்கு வந்துவிட்டது. டீக்கடை மாஸ்டர் எங்களுக்கு டீ வைத்துவிட்டு ஏழுமலையைப் பார்த்து, “அண்ணே, இரு இரு. எல்லாரும் குடிச்சி முடிக்கட்டும். அவசரப்பட்டு எறங்கிடாதே” என்றார். திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டர், “வண்டி நின்ன பெறகு குதிங்க” என்றார். அவன் எல்லாவற்றுக்கும் சிரித்தான். பிறகு ஒரு நாள் குளத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

நான் கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். வரப்பில் உட்கார்ந்து மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஊர் கெடக்குது பங்காளி. நயினாரு ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். அந்த மனுஷன் ‘பரவால்ல ஏழுமலை’ன்னு சொல்லிட்டுக் குல்லாவைக் கழட்டி மடிச்சி வச்சாரு பாரு, அதுதான் பேஜாராப் பூட்சி. அவர் பொறந்ததுல இருந்து ஒரு பந்தயத்துலகூட ஜெயிச்சதில்லையாம். பஸ்ல வரும்போது சொன்னாரு. அவர் கையில வந்ததைத் தட்டி உட்டுட்டேன்.”

மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நயினாரே மொபெட்டில் வந்தாராம். வண்டியை விட்டு இறங்காமலே, “வெளிநாட்டுப் போட்டிக்கு நாலு பேரா பேரு குடுத்துட்டேன். நீ வரலன்னா மூணு பேர் போய் ஊரைச் சுத்திப் பாத்துட்டு வரணும். எனக்குச் சுத்திப் பாக்கற ஆசை இல்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“வரேன்” என்றான் ஏழுமலை எங்களிடம். “இந்தத் தடவை அவர் கழுத்துல மெடலு ஏறணும். என்னால அது கெட்டுதுன்னா, அப்பறம் அவர் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்.”

குதிக்காமல் இருக்கப் பயிற்சி

மற்றவர்கள் வேகமாக நீந்தப் பயிற்சி எடுப்பார்கள். எங்கள் அணியில் பெரும்பாடு, ஏழுமலை நின்ற இடத்தில் நிற்கப் பழகியதுதான்.

நீந்தி ஏறியதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நிவேதா உத்தரவு போட்டது. உட்கார்ந்தான். நயினார் சுவரைத் தொட்டார். நாற்காலியோடு எழுந்து இரண்டடி ஓடி, விளிம்பில் நின்றான். அடுத்த நாள் நாற்காலி கவிழ்ந்தது. அதற்கடுத்த நாள் உடைந்தது.

“கையைப் பின்னாடி கட்டிக்கோங்க சார்.”

“கையால குதிக்கறதில்லையேம்மா. காலு கேக்க மாட்டேங்குதே!”

அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்தான். குளத்தில் பழகியது போதாது, கிணற்றில் பழகினால்தான் கால் அடங்கும் என்று முடிவு செய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் ரங்கனோடும் இன்னும் சிலரோடும் கிணற்றுக்குப் போனான். கடைசியாக ரங்கன் நீந்தி வந்து படிக்கல்லைத் தொட்டான். எல்லாரும் குதித்தார்கள். ஏழுமலை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மேலேயே நின்றான். ஜெயித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். காரணத்தை ரங்கனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ரங்கன் ஏறி வந்தான். யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் மாமியார் வீட்டார் வெற்றிலைத் தட்டோடு வந்து இறங்கினார்கள். “மாப்ளே, எங்க பையன் மேல இன்னா கோவம்? எதாயிருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்.” ஏழுமலையின் பெண்சாதி காசியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்தம்பிய இன்னா சொன்ன நீ?” என்று கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

சர்வதேச நீச்சல் விதிமுறைகளை அன்றைக்கு ஏழுமலை மாமியார் வீட்டாருக்கு விளக்கினான். மாமனார் கடைசிவரை நம்பவில்லை. “ஜெயிச்சவன்கூட குதிக்கக் கூடாதுன்னு எவனாவது சட்டம் போடுவானா?” என்றார். கடைசியில் எல்லாருமாகக் கிணற்றுக்குப் போய், ரங்கன் இன்னொரு தடவை நீந்தி, ஏழுமலை வேட்டியோடு குதித்த பிறகுதான் காசியம்மாள் சோறு போட்டாள்.

போகாத சூரியன்

நயினாருக்கு ஒரு நியமம் உண்டு. பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். வெளிநாட்டில் என்ன செய்யப் போகிறாரோ என்று எங்களுக்குக் கவலை. அவர் வீட்டில் ஒரு பை நிறைய மல்லாட்டை உருண்டையும் கேப்பை மாவு உருண்டையும் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

போய்ப் பார்த்தால் அந்த ஊரில் கோடைக்காலம். ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வெயில் பளிச்சென்று அடிக்கிறது. நயினார் சன்னலைப் பார்த்துப் பார்த்து உருண்டையைச் சாப்பிட்டார். சூரியன் அங்கேயே நிற்கிறது. இன்னொன்று சாப்பிட்டார்.

“நயினாரே, உங்களுக்காவத்தான் சூரியனைக் கட்டி வச்சிருக்கானுங்க. ஜல்தியா பையைக் காலி பண்ணுங்க, அதுவும் வீட்டுக்குப் போவணுமில்ல” என்றான் ஏழுமலை. அவன் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

ஆனால் போட்டியன்று காலையில் அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. குளத்துக்குப் போகிற பஸ்ஸில் என் காதருகே வந்து, “பங்காளி, நீயும் டிரைவரும் ஆளுக்கொரு கையைப் புடிச்சிக்குங்க. என்னை நான் நம்பல” என்றான்.

மறுபடியும் விளிம்பில்

இப்படித்தான் நாங்கள் அவனைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

நயினார் எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பிவிட்டார். எங்கள் வயதுப் பிரிவு அணிகளோடு, எங்களைவிட மூத்த பிரிவுக்காரர்கள் ஒரு அணியையும் அதே தடவையில் இறக்கியிருந்தார்கள். அவர்களுக்குக் கடைசிப் பாதை, அந்தக் கோடியில். எங்கள் பிரிவில் இரண்டு அணிகள் முடித்துவிட்டன. நயினாருக்குப் பக்கத்துப் பாதையில் ஒரு தாடிக்காரர் துரத்திக்கொண்டு வருகிறார்.

“தலைய உள்ள உடுங்க நயினாரே!” என்று கத்தினார் டிரைவர். முப்பது வருஷம் ஹாரன் அடித்த வேகம் அந்தக் குரலில் இருந்தது. நயினாருக்குக் கேட்டதோ என்னவோ, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் போட்டியில் தலையை உள்ளே விட்டார். தாடிக்காரர் நீட்டிய கைக்கு ஒரு விரற்கடை முன்னால் சுவரைத் தொட்டார்.

பலகையில் எங்கள் பெயருக்கு நேரே மூன்று என்று வந்தது.

ஏழுமலையின் உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. நானும் டிரைவரும் இழுத்துப் பிடித்தோம். மேலே பார்வையாளர் வரிசையில், எங்களோடு வந்திருந்த நிவேதா இரண்டு கையையும் விரித்து ‘இருங்க, இருங்க’ என்று காட்டுகிறது. கடைசிப் பாதையில் அந்த மூத்தவர்களின் நான்காவது ஆள் அப்போதுதான் மேடையில் ஏறிக்கொண்டிருந்தார்.

அவர் எங்களைவிட ரொம்ப மூத்தவர். ஒல்லியான கால். கண்ணாடியைச் சரிசெய்தார். குல்லாவைச் சரிசெய்தார். பிறகு குதிக்கவில்லை, சரிந்தார்.

தண்ணீரில் கிடந்த நயினார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, “இன்னா ஏழுமலை, குதிக்கலியா? எம்மேல இன்னா கோவம்?” என்றார்.

“நயினாரே, உங்க காலைத் தொட்டுக் கும்புடறேன், வாயை மூடிகினு இருங்க” என்றான் ஏழுமலை. அவன் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. “அந்தப் பெரியவரு எங்க? பாதி வந்துட்டாரா?”

“போவவே பாதி ஆவலப்பா” என்றார் டிரைவர்.

பெரியவர் போனார், போனார், எதிர்ச்சுவரைத் தொட்டார். திரும்பி வருகிற வழியில் நடுக்குளத்தில் நின்று, மல்லாந்து மிதக்க ஆரம்பித்துவிட்டார்.

“அடப்பாவி, படுத்துட்டாருய்யா!” என்றான் ஏழுமலை.

இஷ்டம் போல் நீந்தலாம் என்ற பிறகு படுக்கவும் உரிமை உண்டு. கூரையைப் பார்த்தபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூடமே தட்டியது. பெரியவர் புரண்டு, கையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

என் பிடியில் இருந்த கை தளர்வதை உணர்ந்தேன். ஏழுமலை குனிந்து என்னைப் பார்த்தான். “உடு பங்காளி. ஒண்ணும் ஆவாது.”

நானும் டிரைவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. விட்டோம்.

குளத்து விளிம்பை ஒட்டி அவன் நடந்தான். மேலே நிவேதா தலையில் கை வைத்துக்கொண்டது தெரிந்தது. அவன் ஒவ்வொரு பாதையாகக் கடந்து அந்தக் கோடிக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தான். இரண்டு கையையும் தட்டி, கொல்லையில் கூப்பிடுகிற குரலில், “வா சாமி, வா! வந்துட்ட, வந்துட்ட! இன்னும் ரெண்டே கைதான், போடு!” என்றான். பெரியவருக்கு என்ன புரிந்ததோ, அந்தக் குரலைப் பார்த்தே வந்தார்.

அவருடைய ஆட்கள் மூன்று பேர் அங்கே துண்டைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள். எழுந்திருக்கத் தெம்பு இல்லை, பாவம்.

பெரியவர் சுவரைத் தொட்டார். நீளமாக விசில் ஊதினார்கள். எல்லாம் முடிந்தது என்ற விசில். எங்கள் பெயருக்கு நேரே அந்த மூன்று அப்படியே நின்றது. நயினார் எங்கள் பாதையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏழுமலைக்காகக் காத்திருந்தார்.

ஏழுமலை எழுந்து நின்றான். நயினார் பக்கம் பார்த்து ஒரு கையைத் தூக்கி, ‘இருங்க, வரேன்’ என்கிற மாதிரி காட்டினான். பிறகு அந்த ஒல்லிப் பெரியவருக்குப் பக்கத்தில், அவர் மேல் படாமல் இடம் பார்த்து, தொபீரென்று குதித்தான்.